பனி மழையாக வந்த ஊர்

சாங்கி

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை ஜன்னலுக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம். 2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. ஓடுபாதையில் தேங்கிய மழைநீர் காற்றுக்கு அலையலையாக நகர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் கேத்தி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே, இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பள்ளத்தாக்கு. மார்கழியில் பொழுது சாயும்போது அங்கே எல்லோரும் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மேகம் இருந்தால் நிம்மதி. அது நிலத்துக்குப் போர்வை. வானம் துடைத்துவிட்டாற்போல் நட்சத்திரங்களோடு இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், விடியும்போது தோட்டம் வெளுத்திருக்கும். உறைபனி. வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கரைக்காவிட்டால் இலை கருகிவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளுக்கு வானிலை என்றால் மலையின் பேச்சு. பூமத்திய ரேகைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே, கடல் மட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும் இந்தத் தீவில் மலையும் பனியும் எனக்குத் துணைக்கு வராது என்று நினைத்துத்தான் கிளம்பினேன். கம்பளியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

வெளியே வந்தால் சித்தி மகள் அக்கா கையில் ஒரு ஸ்வெட்டரோடு நிற்கிறாள். "முதல்ல இதைப் போட்டுக்கோ. ஊரே குளிர்ல கிடக்கு" என்றாள்.

தோ பாயோ

அக்காவின் வீடு தோ பாயோவில், வீவக என்னும் அரசு வீடமைப்புக் கழகத்தின் புளோக் ஒன்றின் பதினான்காம் மாடியில். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழிகள் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன. எதிர் புளோக்கிலும் அப்படியே. துணிகளெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் தொங்கின.

அன்றும் மறுநாளும் மழை ஓயவே இல்லை. இடி கிடையாது. சீற்றமும் கிடையாது. ஆடியில் எங்கள் மலையில் சாரல் பிடித்தால் இப்படித்தான் நாள்கணக்கில் ஒரே சுருதியில் பெய்யும். ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கி வானிலை நிலையத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானதாகச் செய்தியில் சொன்னார்கள். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே சுமார் 222 மில்லிமீட்டர்தான். வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இறங்கியது. எங்கள் ஊரில் அது சித்திரை வெயில். இங்கே மின்தூக்கியில் ஏறிய சீனப் பாட்டி கழுத்துவரை துண்டைச் சுற்றியிருந்தார்.

"மான்சூன் சர்ஜ்" என்றாள் அக்கா. முப்பது ஆண்டுகளாக இங்கே இருப்பவள். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நீளும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரண்டு முதல் நான்கு தடவை இப்படி வருமாம். "எங்கிருந்து வருது தெரியுமா? சைபீரியாவிலிருந்து!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்வெட்டரை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியப் பனிவெளிகளில் பகல் குறுகிவிடும். பனி மூடிய நிலம் தன்னிடம் இருக்கும் கொஞ்சச் சூட்டையும் நீண்ட இரவுகளில் வானத்துக்குக் கொடுத்துவிடும். கேத்தியில் உறைபனி பிடிப்பதும் இதே விதத்தில்தான். அங்கே அது ஒரு கண்டத்தின் அளவில் நடக்கிறது. நிலத்தின் மேல் இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, குவிகிறது. குவிந்தது ஒருநாள் சரிந்து தெற்கே பாய்கிறது. நேராக இந்தியாவுக்குள் இறங்க அதற்கு வழியில்லை. இமயமும் திபெத்தும் மதிலாக நிற்கின்றன. அதனால் மதிலின் கிழக்கு ஓரமாகச் சுற்றி, சீனத்தின் மேல் இறங்கி, தென்சீனக் கடலில் கால் வைக்கிறது. வெதுவெதுப்பான கடல்மேல் வர வர அதன் குளிர் குறைகிறது, ஈரம் ஏறுகிறது. சில நாள் கழித்து இந்தத் தீவை எட்டும்போது அது மழையாகிவிடுகிறது.

தமிழில் திசைக்கு ஒரு காற்று உண்டு. தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. அன்று பதினான்காம் மாடி ஜன்னலில் முகத்தில் அடித்தது வாடையும் கொண்டலும் கலந்த காற்று. அதன் ஒரு நுனியில் பனிப்பாலை, மறு நுனியில் அக்கா வீட்டு ஈரத்துணி.

இந்தக் காற்று சில சமயம் முரட்டுத்தனமும் காட்டும். பூமத்திய ரேகையை ஒட்டிப் புயல் பிறக்காது என்பது பாடப்புத்தகத்தில் படித்தது. காற்றைச் சுழற்றிவிடும் பூமிச்சுழற்சியின் விசை அங்கே இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 2001 டிசம்பர் கடைசியில் இதேபோல் வடக்கிலிருந்து பாய்ந்த குளிர்காற்றும், போர்னியோ அருகே சுழன்றுகொண்டிருந்த காற்றும் சேர்ந்து 'வாமேய்' என்ற புயலை உண்டாக்கின. அது உருவான இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 1.4 டிகிரி. டிசம்பர் 27 அன்று சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே, ஜொகூரில் கரையேறியது.

"இது பரவாயில்ல. சுமத்ராவை நீ பார்க்கணும்" என்றாள் அக்கா. ஏப்ரலிலிருந்து நவம்பருக்குள், விடியுமுன் மேற்கிலிருந்து வரும் சூறைக்காற்றுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். சுமத்ராவின் முதுகெலும்பாக ஓடும் பாரிசான் மலைத்தொடரின் மேலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் இடிமேகங்கள் திரண்டு, ஒரே வரிசையாக அணிவகுத்துக் கடல் தாண்டி வரும். கறுப்புச் சுவர் ஒன்று மேற்கிலிருந்து நகர்ந்து வருவதுபோல் இருக்குமாம். ஒரு நிமிடம் எதுவும் அசையாது; அடுத்த நிமிடம் மூங்கில் கழிகள் பறக்கும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்கா பகுதியில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது.

மலை இல்லாத ஊர் என்று நினைத்து வந்தேன். இதற்கு மலைகள் இருக்கின்றன. மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

சிராங்கூன் சாலை

ஞாயிற்றுக்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். பொங்கலுக்கு இரண்டே நாள். கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகளுக்கு நெகிழித்தாள் போர்த்தியிருந்தார்கள். மஞ்சள் கொத்தின் பச்சை இலைகளில் மழைத்துளி நின்றது. பூக்கடைக்காரர் மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே மழையைப் பார்த்தார். மழையைப் பார்த்துக்கொண்டே தொடுத்தார்.

இந்தப் பகுதி முன்பு மாட்டுப் பட்டிகளின் ஊர். ரோச்சோர் ஆற்றோரத்துத் தாழ்நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லாததால் மாட்டு வியாபாரம் இங்கே நிலைத்தது. பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்த எருமைகளின் பெயரைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. ஊரை உண்டாக்கியதே ஈரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். கட்டடத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுக்க உழைப்பவர்கள். வழக்கமாகத் திடல்களில் வட்டமாக உட்காருவார்களாம். மழை அவர்களை அஞ்சடிக்குள் தள்ளியிருந்தது. கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்கு விடப்பட்ட அந்தத் தாழ்வாரங்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தான் கட்டப்பட்டவை. அன்று அவை முழு வேலை செய்தன.

தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் ஒரே புகையும் சத்தமும். ஒரு கடையில் ஆட்டு சூப் வாங்கினேன்; 'சூப் கம்பிங்' என்கிறார்கள். சோம்பும் மிளகும் கொத்தமல்லியும் மணக்க, தொட்டுக்கொள்ள ரொட்டித் துண்டோடு வந்தது. அப்புறம் ஒரு 'தே ஹாலியா'. இஞ்சி தட்டிப்போட்டு ஆற்றிய டீ. எங்கள் ஊரில் குளிருக்குக் குடிக்கிற அதே இஞ்சி டீ. பால் மட்டும் இங்கே டின்பால், இனிப்பு தூக்கல்.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி கைப்பேசியில் வானிலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க எப்ப நிக்குமாம்?" என்று கேட்டேன்.

"இங்க இல்லக்கா, ஊர்ல பார்க்கிறேன். மன்னார்குடி பக்கம். சம்பா கதிர் முத்தி நிக்குது. இப்ப மழை வந்தா சாஞ்சிடும். அறுப்பு மெஷின் இறங்காது." படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். வங்கக்கடலில் மேகம் எதுவும் இல்லை. முகம் தெளிந்தது.

"இங்க மழை பெய்தா?"

"மின்னல் எச்சரிக்கை வந்தா வெளிவேலையை நிறுத்திடுவாங்க. நனைஞ்ச சாரத்துல ஏற விடமாட்டாங்க. நல்லதுதான், வழுக்கினா உசுரு போயிடும். ஆனா ஓவர்டைம் குறையும்ல?" டீயை ஒரே மடக்கில் முடித்தான். "ரெண்டு ஊரு வானத்தையும் பார்க்கணும்க்கா நாங்க."

அந்த வாக்கியத்தோடு வெளியே வந்தேன். சீனிவாசப் பெருமாள் கோவிலைத் தாண்டும்போது, பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்று பேசிக்கொண்டு இருவர் போனார்கள். அன்று இந்தக் கோவிலிலிருந்து புறப்படும் காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை நடக்கும். காவடியின் கதை நமக்குத் தெரியும். இரண்டு குன்றுகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கிவந்தவன் இடும்பன். குறிஞ்சிக் கடவுளுக்கு ஒரு குன்றும் இல்லாத கடைத்தெருவில், மலையைத் தோளில் சுமந்து போகிறார்கள் நம் ஜனங்கள்.

புக்கித் தீமா

தீவின் மிக உயர்ந்த இடம் புக்கித் தீமா. சுமார் 163 மீட்டர். எங்கள் ஊரில் இதைக் குன்று என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மழைக்காடு அசல். திங்கட்கிழமை காலை தூறலில் ஏறினேன். மரங்களின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. குரங்குகள் ஈரத்தை உதறிக்கொண்டு கிளைகளில் ஒடுங்கியிருந்தன. மண்ணிலிருந்து மக்கிய இலையின் வாசனை. கண்ணை மூடினால் சோலைக்காடு.

பாதி வழியில் ஓர் அம்மாள் எதிரே இறங்கி வந்தார். அறுபதுக்கு மேல் வயதிருக்கும். முதுகில் பெரிய பை. உச்சியில் நான் நின்றுகொண்டிருக்கும்போது மறுபடி ஏறி வந்தார். கீழே இறங்கும்போது மூன்றாம் முறை ஏறிக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன்.

"பையில் அரிசி. பத்து கிலோ" என்றார் நல்ல தமிழில். ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்க்காரர். அக்டோபரில் நேபாளத்துக்கு மலையேறப் போகிறார். மலை இல்லாததால் இந்தக் குன்றில் திரும்பத் திரும்ப ஏறுகிறார். மழை கனத்தால் புளோக்கின் மாடிப்படியில் ஏறுகிறார். இங்கே மலையேறுபவர்கள் பழகுவது இப்படித்தானாம். 1998 மே 25 அன்று முதல் சிங்கப்பூர் அணியின் எட்வின் சியூ, கூ சுவீ சியாவ் இருவரும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டதிலிருந்து இந்தத் தட்டையான தீவில் மலைப்பித்துப் பிடித்தவர்கள் பெருகிவிட்டதாகச் சொன்னார்.

பந்தலுக்குள் ஒதுங்கினோம். மழை கூரையில் பேசியது. அவர் சொன்ன கதை இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்டோபர்தான் அங்கே நல்ல பருவம் என்பார்கள். மழைக்காலம் முடிந்து வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். பெரும்பனி வர இன்னும் நாள் இருக்கும். 2014இல் நானும் அதை நம்பித்தான் போனேன். போக்கராவில் இருந்தேன். ஒருநாள் நாள்முழுக்க மழை. இந்த மாதத்தில் என்ன மழை என்று விடுதிக்காரரே முகம் சுளித்தார். மேலே அது பனியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பனியை அனுப்பியது வங்கக்கடல். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல் நிலத்தின் மேல் தளர்ந்து, மீதி ஈரத்தோடு வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் இமயத்தில் முட்டியது. 5,416 மீட்டர் உயரத்துத் தொரோங் கணவாயில் அக்டோபர் 14 அன்று பனிப்புயல் வீசியது. பருவத்தை நம்பி ஏறியவர்கள் நடுவழியில் சிக்கினார்கள். அன்னபூர்ணா, தவுளகிரி மலைப்பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், சுமைகூலிகள், யாக் மேய்த்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு.

"புயல் கரையேறியது தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது" என்றார் அவர். "நம் கடலின் செய்தி அது. பார்த்தேன். ஐயோ பாவம் விசாகப்பட்டினம் என்று நினைத்தேன். அந்த மேகம் நான் ஏற வந்த மலைக்குத்தான் போகிறது என்று தோன்றவே இல்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நாள் முன்பிருந்தே அந்தமானுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். மலை என்ன செய்யப்போகிறது என்பதைக் கடலிடம் கேட்க வேண்டும், அம்மா. வானம் நீலமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது."

மழை சற்றே விட்டது. அவர் பையை மாட்டிக்கொண்டு நான்காம் முறை ஏறப் போனார். காவடி சுமப்பவர்களின் அதே நிதானம் அந்த நடையில் இருந்தது.

மரினா

பொங்கலன்று காலை வானம் வெளுத்தது. வீரமாகாளியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, அக்கா வீட்டில் பால் பொங்கப் பார்த்துவிட்டு, மாலையில் கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போனோம். அங்கே 2012இல் திறந்த மேகக்காடு என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை கட்டியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து அருவி விழுகிறது. வெப்ப மண்டலத்தின் உயர்ந்த மலைகளில் வளரும் பெரணியும் பாசியும் ஆர்க்கிட்டும் அதன் பக்கங்களைப் போர்த்தியிருக்கின்றன. நேரம் வைத்து மூடுபனி விடுகிறார்கள். ஒரு சின்னஞ்சிறுமி அந்தப் பனிமூட்டத்தைக் கைகளால் அள்ளிக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கிடைக்கிற ஒன்று. அவள் கண்ணில் இருந்த வியப்பைப் பார்த்த பிறகு அதை இனி நான் அலட்சியமாகக் கடந்துபோக மாட்டேன்.

பக்கத்திலேயே மரினா அணைக்கட்டு. 2008இல் திறக்கப்பட்டது. மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை இங்கே வந்து சேர்கிறது. ஞாயிறு அன்று சிராங்கூன் சாலையில் அஞ்சடி ஓரம் சொட்டிய தண்ணீரும் ரோச்சோர் கால்வாய் வழியே இங்கேதான் வந்திருக்கும். கடல் வற்றத்தில் இருந்தால் ஒன்பது மதகுகளையும் இறக்கி மிகுநீரை வெளியே விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் ஏழு ராட்சச பம்புகள் இறைத்துத் தள்ளுகின்றன. மீதி குடிநீர்.

அந்த மதகுகளின் மேல் நின்றபோது 2009 நவம்பர் நினைவுக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழை எங்கள் கேத்தியில் கொட்டித் தீர்த்த நாள்கள். நீலகிரி முழுக்க மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். எங்களுக்கு மதகு இல்லை, பம்பு இல்லை. மேட்டுக்காட்டை வெட்டித் தோட்டமாக்கியிருந்தோம். ஓடைகளை அடைத்து வீடு கட்டியிருந்தோம். வருகிற மழைக்கு வழிவிடுவதை இந்தத் தீவு ஒரு கடமையாகச் செய்கிறது. நாங்கள் மலையிலேயே இருந்தும் அதைச் செய்யவில்லை. அந்த வேதனையை அங்கே அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேத்தி

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மாலை அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. காற்று நின்றுவிட்டது. "நாளைக்குக் கொட்டும்" என்றாள். விடியுமுன் எழுந்தோம். கேரட் பாத்திகள் வெளுத்துக் கிடந்தன. பூவாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனோம். நீர் பட்ட இடமெல்லாம் வெண்மை கரைந்து பச்சை திரும்பியது.

"அங்கே பனி உண்டா?" என்று கேட்டாள் அம்மா.

"உண்டும்மா. நான் போனபோதுதான் வந்தது. வர்ற வழியில கடல்ல இறங்கி மழையாயிடுச்சு."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விளக்கிச் சொன்னேன். கடல் மலைக்குப் பனி அனுப்பியதையும், பனி கடலுக்கு மழை அனுப்பியதையும். மன்னார்குடித் தம்பியைப் பற்றியும், பத்து கிலோ அரிசியைச் சுமந்து ஏறும் ஆசிரியையைப் பற்றியும் சொன்னேன். பாத்தியின் கடைசிவரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கீழ்நாட்டுல அறுப்பு முடிஞ்சுதா?" என்றாள். எழுபது வயதுவரை அவள் எங்கள் பள்ளத்தாக்கின் வானத்தை மட்டுமே பார்த்தவள்.

கைப்பேசியை எடுத்து வங்கக்கடலைக் காட்டினேன். மேகம் எதுவும் இல்லை. "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அம்மா பூவாளியை நிரப்பப் போனாள்.